டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் (வரலாறு, இலக்கியம் போன்றவற்றைக் கணினி கொண்டு ஆராய்வது) ஆய்வுக்கு நிதி: இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள், எங்கே சறுக்குகிறேன்?

கடிதப்பெட்டி:

வணக்கம். வரலாற்றில் முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று தலைமுறைப் பெண்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள், ஏறக்குறைய 1,200, இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. முதல் கடிதம் 1880களில் எழுதியது, கடைசி 1950களில். குடும்பத்தார் என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். பல கடிதங்கள் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டன, எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் பதற்றமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, எழுத்துக்கு எழுத்து பெயர்த்தெழுதி, டிஇஐ முறையில் (எழுத்துகளில் யார், எங்கே, எப்போது என்பவற்றைக் கணினி அடையாளம் காணும்படி குறித்து வைக்கும் பொது முறை) குறியிட்டு, வரைபடத்தோடும் யார் யாருக்கு எழுதினார்கள் என்ற வலைப்பின்னல் படத்தோடும் ஒரு இணையதளம் போட வேண்டும் என்பது திட்டம். 12 மாதம், நான் முழுநேரம், ஒரு புரோகிராமர் பகுதிநேரம் என்று போட்டுக் கேட்டேன். முதல் முறை "கருவிகளைப் பற்றி நிறைய இருக்கிறது, ஆராய்ச்சிக் கேள்வி எது என்று தெரியவில்லை" என்று வந்தது. அதைத் திருத்தி வேறு இடத்தில் கொடுத்தேன், "கால அட்டவணையும் பட்ஜெட்டும் நம்பும்படி இல்லை, நிதி முடிந்த பிறகு இணையதளம் என்னவாகும் என்பதற்குப் பதில் இல்லை" என்று வந்தது. இரண்டுமே நியாயமான கருத்துகள்தான், எப்படிச் சரிசெய்வது என்றுதான் பிடிபடவில்லை.

அடுத்த கெடுவுக்கு மூன்று மாதம் இருக்கிறது. தொழில்நுட்பத்தைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும், புரோகிராமர் செலவை எப்படிக் கணக்கிடுவது, பெரிய நல்கைக்குப் போவதா சின்னதாகத் தொடங்குவதா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஏட்டுவாசி:

இப்படிப்பட்ட விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். குழுவில் ஒரு வரலாற்றுக்காரர் இருப்பார், ஒரு நூலகத்துறைக்காரர், ஒரு கணினித்துறைக்காரர், அப்புறம் இந்தத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரும் இருப்பார். நாலு பேரும் சேர்ந்து கவனமாகப் படிப்பது முதல் பக்கத்தை மட்டும்தான். அந்த ஒரு பக்கத்தில், இந்தக் கடிதங்களிடம் நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்பது இருந்தே ஆக வேண்டும்.

"1,200 கடிதங்களை இணையத்தில் ஏற்றுவது" கேள்வி ஆகாது. "வலைப்பின்னல் படம் வரைவது" என்பதும் கேள்வி ஆகாது. மூன்று தலைமுறைப் பெண்கள் என்கிறீர்களே, பணத்தைப் பற்றியும் நோயைப் பற்றியும் பாட்டி ஜாடையாக எழுதினார், பேத்தி வெளிப்படையாக எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாற்றம் எப்போது வந்தது, யாருக்கு எழுதும்போது முதலில் வந்தது? இது கேள்வி. இதற்கு ஏன் கணினி வேண்டும் என்றும் அடுத்த பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 1,200 கடிதங்களை ஒருவர் உட்கார்ந்து படித்தே முடித்துவிடலாம் என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார். எழுதியவர், பெறுபவர், தேதி, பேசுபொருள் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்து 70 வருடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்க வேண்டும், அதை நினைவில் வைத்துச் செய்ய முடியாது, பிறகு வருகிறவர்களும் என் முடிவைச் சோதித்துப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் குறியீடு என்று எழுதினால் வாதம் நிற்கும்.

இந்தத் துறையின் தொடக்கமாகப் பலரும் சொல்லும் ராபர்ட்டோ பூசாவின் கதையே இதற்கு நல்ல உதாரணம். இத்தாலியப் பாதிரியார். 1949இல் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனை நேரில் பார்த்து உதவி கேட்டார், கிடைத்தது. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் எழுத்துகள் முழுவதற்கும் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல், கடைசியில் அச்சில் 56 தொகுதிகளாக வந்தது, முப்பது வருட உழைப்பு. ஆனால் அவர் தொடங்கிய இடம் எந்திரம் இல்லை. அக்வினாஸிடம் "உடனிருத்தல்" (பிரசன்னம்) என்ற கருத்து எப்படி வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அது "இல், உள்" என்ற பொருள் தரும் சின்ன இடைச்சொல்லில் ஒளிந்திருக்கிறது என்று கண்டார். அந்த மாதிரிச் சொல்லை எந்த அகராதிக்காரரும் அடைவில் சேர்க்க மாட்டார். அதனால்தான் எந்திரம் தேவைப்பட்டது. உங்கள் விண்ணப்பத்தில் அந்தச் சின்னச் சொல் எது என்று யோசியுங்கள்.

தொழில்நுட்பத்துக்கு ஒன்றரைப் பக்கம் போதும். என்ன கருவி என்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் கருவி ஏன் போதும் அல்லது ஏன் போதாது என்பதை எழுதுங்கள். புதிதாக ஒரு மென்பொருள் எழுதப் போகிறேன் என்று வந்த விண்ணப்பங்களைப் பார்த்துக் கணினித்துறைக்காரர்களே அதிகம் தயங்கியதைக் கண்டிருக்கிறேன்.

எண்ணிப்பார்:

நான் பட்ஜெட்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அங்கேதான் அடிபட்டேன்.

உங்கள் 12 மாதக் கணக்கு நிற்காது. போட்டுப் பார்ப்போம். 1,200 கடிதம், ஒன்றுக்குச் சராசரி நாலு பக்கம் என்றால் 4,800 பக்கம். பழைய கையெழுத்தை ஒரு பக்கம் பெயர்த்தெழுத 25 நிமிடம் என்று வையுங்கள், அதுவே பழகிய கைக்குத்தான். 1,20,000 நிமிடம், அதாவது 2,000 மணி நேரம். விடுமுறை, கூட்டம், காய்ச்சல் எல்லாம் கழித்தால் ஒரு முழுநேர ஆளுக்கு வருடத்தில் 1,600 மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஆக, நீங்கள் வேறு எதையுமே தொடாமல் பெயர்த்தெழுதினாலே 15 மாதம். இதற்கு மேல் இன்னொருவர் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும், பக்கத்துக்கு 8 நிமிடம் என்றாலும் 640 மணி நேரம். குறியிடுவது தனி. மதிப்பிடுகிறவர் இந்தப் பெருக்கலை விளிம்பில் பென்சிலால் போட்டுப் பார்ப்பார், போட்டதும் உங்கள் விண்ணப்பத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். ஸ்கேன் செய்வதுதான் பெரிய வேலை என்று எல்லோரும் நினைக்கிறோம், மணிக்கு 60 பக்கம் என்றால் அது 80 மணி நேர வேலை, அவ்வளவுதான்.

கையெழுத்தைக் கணினியே படித்துவிடுமே என்று கேட்பார்கள், நீங்களே முந்திக்கொண்டு பதில் எழுதுங்கள். டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவியில் ஒரு கையெழுத்தைப் பழக்க 5,000 முதல் 15,000 சொல் வரை நீங்கள் கையால் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். உங்களிடம் எத்தனை பேருடைய கையெழுத்து இருக்கிறது? பத்துக் கடிதம் மட்டும் எழுதிய அத்தைக்கு அது பிரயோஜனப்படாது. நிறைய எழுதிய இரண்டு மூன்று பேருக்கு நன்றாக உதவும். அப்போதும் நூற்றுக்கு 5 எழுத்துப் பிழை என்று வந்தால் 40 எழுத்துள்ள வரிக்கு இரண்டு பிழை, ஆள் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

அதனால் என் யோசனை: எல்லாக் கடிதத்துக்கும் படமும் விவரப் பதிவும், அதாவது யார், யாருக்கு, எப்போது, எங்கிருந்து, எதைப் பற்றி. கடிதத்துக்குப் பத்து நிமிடம் என்றால் 200 மணி நேரம். முழுப் பெயர்ப்பும் குறியீடும் உங்கள் கேள்விக்கு முக்கியமான 300 கடிதத்துக்கு மட்டும். 1,200 பக்கம், சரிபார்ப்போடு சேர்த்து 660 மணி நேரம். இப்போது வருடத்துக்குள் அடங்குகிறது, ஆராய்ச்சி செய்யவும் நேரம் மிஞ்சுகிறது. ஏன் அந்த 300 என்று ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும், அதுவே உங்கள் ஆராய்ச்சி முறையைக் காட்டிவிடும்.

இந்த 25 நிமிடம் என் கணக்கு, உங்களுடையது இல்லை. விண்ணப்பிக்கும் முன்னால் ஒரு 50 பக்கத்தை எடுத்துக் கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள். "50 பக்கத்தில் அளந்தோம், இவ்வளவு ஆனது, அதை வைத்தே இந்தப் பட்ஜெட்" என்ற வரிக்கு இருக்கும் மதிப்பு வேறு எந்த வரிக்கும் கிடையாது.

புரோகிராமரை வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக என்று போடாதீர்கள், வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர் முந்தின வாரம் விட்ட இடத்தைப் பிடிப்பதற்குள் அந்த நாள் போய்விடும். தொடக்கத்தில் மூன்று வாரம் தரவு அமைப்புக்கு, நடுவில் இரண்டு வாரம், கடைசியில் ஆறு வாரம் என்று மொத்தமாக எடுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள், சரிபார்க்கும் மாணவர்களுக்குச் சம்பளம் போடுங்கள், பெயரும் போடுங்கள். "தன்னார்வலர்கள் செய்வார்கள்" என்று எழுதித் தொகையைக் குறைத்துக் காட்டுவது தவறு, அது திறமையான வேலை, கண் போகிற வேலை.

கடிதப்பெட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி. 2,000 மணி நேரம் என்பதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கடிதக் கட்டுகளைத் திரும்ப எண்ணினேன். கையெழுத்து மொத்தம் ஒன்பது பேருடையது, அதில் பாட்டியும் மூத்த மகளும் மட்டுமே 700க்கு மேல் எழுதியிருக்கிறார்கள், அதனால் அவர்கள் இருவருக்கு மட்டும் கருவியைப் பழக்கலாம் போலிருக்கிறது.

இணையதளம் விஷயத்தில்தான் இன்னும் தெளிவில்லை. "பல்கலைக்கழகச் சர்வரில் ஐந்து வருடம் இருக்கும்" என்று எழுதியிருந்தேன். அது போதாது என்றுதானே சொல்கிறார்கள்? வேறு என்ன எழுத முடியும்? குடும்பத்தார் வாய்மொழியாக அனுமதி தந்திருக்கிறார்கள், அதையும் குறிப்பிட்டிருந்தேன்.

அடுக்குமேசை:

நான் நூலகத்தில் டிஜிட்டல் சேகரிப்புகளைப் பார்த்துக்கொள்கிறவள். முதலில் அந்த வாய்மொழி அனுமதி. கடிதத் தாள் யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பதிப்புரிமை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, எழுதியவருக்கும் அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும்தான் அது. பெர்ன் உடன்படிக்கை என்ற பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தத்தின்படி குறைந்தது எழுதியவர் இறந்து 50 வருடம், பல நாடுகளில் 60, 70. அச்சாகாத கடிதத்துக்கும் உரிமை உண்டு. உங்கள் தொகுப்பில் 1950களின் கடிதங்கள் இருப்பதால் இது சும்மா ஒரு சம்பிரதாயம் இல்லை. ஒன்பது பேரின் வாரிசுகள் யார் யார் என்று கண்டுபிடித்து எழுத்தில் வாங்குங்கள். அதில் எதை வெளியிடக் கூடாது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழியும் இருக்கட்டும், நோயும் சண்டையும் கடிதங்களில் இருக்கும், உயிரோடு இருப்பவர்களைப் பற்றியும் இருக்கலாம்.

இனி இணையதளம். தரவு வேறு, தளம் வேறு என்று பிரித்து எழுதுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நீங்கள் காப்பாற்ற வேண்டியது படங்களும், எக்ஸ்எம்எல் கோப்புகளும் (டிஇஐ குறியீட்டோடு கடிதத்தின் எழுத்தைச் சேமிக்கும் கோப்புகள்), விவரப் பட்டியலும். தளம் அவற்றைப் பார்க்க ஒரு ஜன்னல். ஜன்னல் உடைந்தாலும் உள்ளே இருப்பவை பத்திரமாக இருக்க வேண்டும். அளவையும் சொல்லுங்கள். ஏ4 தாளை 400 டிபிஐயில் வண்ணத்தில் சுருக்காமல் எடுத்தால் ஒரு படம் 46 எம்பி வரும், 4,800 படம் சுமார் 220 ஜிபி. மூன்று பிரதி என்றால் 660. இதற்கான சேமிப்புச் செலவு சின்னதுதான், ஆனால் அந்த எண் பட்ஜெட்டில் இருந்தால் யோசித்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

எங்கே வைப்பது? எக்ஸ்எம்எல் கோப்புகளையும் பட்டியலையும் ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் போடலாம், செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துகிறது, இலவசம், மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாள எண்ணும் (டிஓஐ) கிடைக்கும். ஆனால் ஒரு பதிவுக்கு 50 ஜிபிதான் வழக்கமான எல்லை, அதனால் பெரிய படங்களுக்கு ஒரு நூலகமோ ஆவணக் காப்பகமோ வேண்டும். அவர்களிடம் கடிதம் வாங்குங்கள். "இந்தத் திட்டத்தை மனமார ஆதரிக்கிறோம்" என்ற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. "220 ஜிபியைப் பெற்றுக்கொள்வோம், இந்த வடிவத்தில், இந்தப் பொறுப்பாளர் பார்த்துக்கொள்வார்" என்று இருக்க வேண்டும். அதை எழுதி வாங்க ஒரு மாதம் ஆகும், இப்போதே கேளுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது சைபர் தாக்குதல் நடந்ததே, அவ்வளவு பெரிய நூலகத்தின் இணையச் சேவைகளே மாதக்கணக்கில் முடங்கின, உலகம் முழுவதிலிருந்தும் அங்கே சேர்ந்திருந்த அழியும் நிலை ஆவணங்களின் படங்களையும் பார்க்க முடியாமல் போனது. அந்தப் படங்களைச் சேர்த்த அழியும் நிலை ஆவணங்கள் திட்டத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் உள்ளூர் நிறுவனத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்ற விதி முதலிலிருந்தே உண்டு, அதன் அருமை அப்போது புரிந்தது.

தளத்தை டேட்டாபேஸ் இல்லாத நிலைப் பக்கங்களாகவே உருவாக்கச் சொல்லுங்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் எண்டிங்ஸ் என்ற திட்டத்தில் இதற்கான கொள்கைகளை வகுத்திருக்கிறார்கள், படித்துவிட்டு விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். சாதாரண ஹெச்டிஎம்எல் கோப்பாக இருந்தால் எந்தச் சர்வருக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம், வாராவாரம் மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் வேண்டாம். வரைபடம், வலைப்பின்னல் படம் இரண்டையும் நான் தயக்கமில்லாமல் வெட்டிவிடுவேன், முதலில் செயலிழப்பவை அவைதான்.

தூரத்துவெளிச்சம்:

அடுக்குமேசை சொன்னதில் கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். கடிதம் கொடுத்த குடும்பத்தார் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து படிக்கப் போவதில்லை. தங்கள் கொள்ளுப்பாட்டி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எழுதினார் என்று வரைபடத்தில் பார்ப்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் மரியாதை. வலைப்பின்னல் படம் வேண்டாம், சரி. வரைபடத்தை எளிமையாகவாவது வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடத்தில் செயலிழந்தால் இழக்கட்டும், அதுவரை அவர்கள் பார்த்திருப்பார்களே.

பெரிய நல்கையா சின்னதா என்று யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை, தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நிறுவனம் எதற்குப் பணம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டம் 2004 முதல் ஆர்கேடியா என்ற அறக்கட்டளையின் நிதியில் நடக்கிறது, அது அழியும் ஆபத்தில் இருக்கும் ஆவணங்களைப் படமெடுக்கத்தான், உங்கள் ஆராய்ச்சிக் கேள்விக்கு அங்கே இடம் இல்லை. 20, 21ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கு அதே ஆர்கேடியா நிதியில் யுசிஎல்ஏ நூலகம் தனியாக ஒன்று நடத்துகிறது. ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் தொடக்க நல்கை அப்படியே நேரெதிர், ஐந்து வருடத்துக்கு 15 லட்சம் யூரோ வரை கொடுப்பார்கள், ஆனால் அது ஆராய்ச்சியாளரின் பெரிய கேள்விக்கு, படமெடுப்பது அதில் ஒரு ஓரம். ஒரே விண்ணப்பத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பினால் இரண்டு இடத்திலும் திரும்பி வரும், உங்களுக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் நிலையில் நான் இரண்டாகப் பிரிப்பேன். முதலில் சின்ன நல்கை ஒன்றில் ஸ்கேன், விவரப் பதிவு, உரிமை வேலை. அது முடிந்து கையில் ஒரு முழுமையான பட்டியல் இருக்கும்போது கேள்வியோடு பெரிய இடத்துக்குப் போவது.

நிறுவன மேல்செலவையும், அதாவது அலுவலகம், மின்சாரம், நிர்வாகம் என்று நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கையும் மறக்காதீர்கள். ஐரோப்பியக் கவுன்சில் நேரடிச் செலவுக்கு மேல் 25 சதவீதம் அதற்கென்று தருகிறது, தனியார் அறக்கட்டளைகள் பலவும் தராது. எனக்கு ஒரு முறை நல்கை கிடைத்த பிறகுதான் நான் இருந்த நிறுவனம் அதில் பங்கு கேட்டது, சரிபார்ப்பவருக்கு வைத்திருந்த தொகை முழுவதும் போனது, அவரிடம் போய்ச் சொன்ன நாளை இன்னும் மறக்கவில்லை. முதல் வாரத்திலேயே ஆராய்ச்சி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவே அவர்கள் மூன்று வாரம் கேட்பார்கள்.

இன்னொன்று, வேலையை ஒவ்வொரு ஆறு மாதமும் ஏதோ ஒன்று முழுதாக முடிகிற மாதிரி அடுக்குங்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசிய மானுடப்புல நிதியம், என்இஎச், ஏற்கெனவே கொடுத்த நல்கைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பாதியில் ரத்து செய்தது. எல்லாக் கடிதமும் பாதிப் பாதியாகக் குறியிட்டு நிற்கும்போது அப்படி நடந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. 300 கடிதம் முழுதாக முடிந்து பதிவேறியிருந்தால் அது உங்களுடையது, யாரும் பறிக்க முடியாது.

கடிதப்பெட்டி:

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. இரண்டாகப் பிரிப்பதென்று முடிவு செய்துவிட்டேன், முதல் பகுதிக்கு மட்டும் இந்தக் கெடுவில் விண்ணப்பிக்கிறேன். ஏட்டுவாசி ஐயா சொன்ன "சின்னச் சொல்" பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். பாட்டியின் கடிதங்களில் பணம் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் "அந்த விஷயம்" என்றே வருகிறது, மகளின் கடிதங்களில் ஒரு கட்டத்துக்குப் பிறகு அது நின்றுபோய்த் தொகையே எழுதியிருக்கிறது. எந்த வருடத்தில் என்று இன்னும் தெரியாது. அதைத்தான் கேட்கப் போகிறேன்.

வரைபடம் இருக்கும். குடும்பத்தில் மூத்தவரிடம் உரிமை பற்றிப் பேசினேன், வாரிசுகள் பட்டியலை அவரே எழுதித் தருகிறேன் என்றார். சனிக்கிழமை 50 பக்கத்துடன் கடிகாரம் வைத்து உட்காருகிறேன், எத்தனை நிமிடம் ஆகிறது என்று இங்கேயே வந்து சொல்கிறேன்.

எண்ணிப்பார்:

அந்த 50 பக்கத்தை நல்ல கையெழுத்தாகப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். ஒன்பது பேருடையதிலிருந்தும் கொஞ்சம் எடுங்கள், மை ஊறியது, பென்சிலில் எழுதியது, ஓரத்தில் குறுக்கே எழுதியது எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் நேரத்தைத் தனித்தனியாகக் குறித்து வையுங்கள், பட்ஜெட்டில் அப்படியே ஒரு அட்டவணையாகப் போட்டுவிடலாம்.